மணக்காத சவுக்காரம்

அந்த நாளில் எனக்கு எண்ணெய் முகம். காலையில் பச்சைத் தண்ணீரை அடித்துக் கழுவிவிட்டுப் புறப்பட்டால், பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதற்குள் நெற்றியும் மூக்கும் மினுங்கத் தொடங்கிவிடும். மத்தியானத்தில் விரலால் வழித்தே எடுக்கலாம். இந்த வயதில் அந்த எண்ணெயெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. தோல் வாழைச்சருகு மாதிரி கிடக்கிறது. வற்ற வேண்டிய காலத்தில் வற்றியிருந்தால் எனக்கு எவ்வளவோ மிஞ்சியிருக்கும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கம். அங்கே ஒருத்தி முகத்தில் எண்ணெய் வடிகிறது என்று சொன்னால் சிரிப்பார்கள். மற்ற எல்லாருக்கும் இருந்த கவலை அதற்கு நேர்மாறானது. பனிக்காற்றில் கன்னம் வெடிக்கும், உதடு வெடித்து இரத்தம் கசியும், கைக்குழந்தைகளின் கன்னம்கூடச் சிவந்து சொரசொரத்துப் போகும். தை மாதத்தில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள்ளேயே உறைந்து கிடக்கும். அதை அடுப்போரம் வைத்து உருக்கி, முகம், கழுத்து, கை, கால் என்று பூசிக்கொண்டுதான் ஆட்கள் மலையேறுவார்கள். அம்மா எனக்கும் பூசுவாள். வேண்டாம் என்றால் கேட்க மாட்டாள்.

"எனக்குத்தான் ஏற்கெனவே வடியுதேம்மா."

"சும்மா இருடி. பனி அறைஞ்சா பாளம் பாளமா வெடிச்சிரும். அப்புறம் எங்கிட்ட வந்து அழுவாத."

என் முகம் ஒருநாளும் வெடிக்கவில்லை. பருதான் வந்தது. தாடையிலும் நெற்றியிலும் சீழ் கட்டி, கை பட்டாலே வலிக்கிற பருக்கள். ஒன்று ஆறுவதற்குள் பக்கத்தில் இன்னொன்று எழும்பும். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் எனக்கு எண்ணெய்ச் சட்டி என்று பட்டம் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். கொழுந்து பறிக்கிறவளுக்கு முகம் எப்படி இருந்தால் என்ன, கூடை நிறைந்தால் போதும். கங்காணி கொழுந்தைத்தான் நிறுப்பார், முகத்தை நிறுப்பதில்லை.

அப்பா இல்லை. அம்மாவுக்கு இழுப்பு; ஏற்றத்தில் நாலு எட்டு வைத்தால் நெஞ்சு விசிலடிக்கும். தோட்டத்து டாக்டர் ஐயா பார்த்துவிட்டு இனி மலைவேலை ஆகாது என்று சொல்ல, செக்ரோலிலிருந்து அம்மாவின் பேரை எடுத்துவிட்டார்கள். செக்ரோலில் பேர் பதிந்தவர்களுக்குத்தான் வேலை, அரிசி, குடியிருக்க லயத்தில் ஒரு காம்பரா என்கிற ஒற்றை அறை. எங்கள் வீட்டில் மிஞ்சியது என் பேர் ஒன்றுதான். இந்த நாட்டில் உங்களுக்கு உரிமை இல்லை என்று, பாட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த எங்களுக்குச் சட்டம் போட்டுவிட்ட காலம் அது. இந்தியாவில் எங்கள் ஊர் எந்தப் பக்கம் என்று அம்மாவுக்கே சரியாகத் தெரியாது. அந்த ஒற்றைக் காம்பராவை விட்டால் எங்கள் இரண்டு பேருக்கும் தலை சாய்க்க இடம் கிடையாது.

இப்படி இருக்கும்போது நான் கானில் விழுந்தேன். மழைத்தண்ணீர் ஓடுவதற்காகத் தேயிலை நிரைகளுக்கு நடுவே வெட்டியிருக்கும் பள்ளத்தைத்தான் கான் என்போம். புல் மூடிக் கிடந்தது. கூடையோடு சரிந்ததில் கணுக்கால் திரும்பிக்கொண்டது. ஆறியபோது கோணலாகவே ஆறியது. சமதரையில் நடக்கலாம், சரிவில் ஊன்றினால் உயிர் போய் உயிர் வரும். மலைவேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா என் நொண்டலைப் பார்த்து இரக்கப்பட்டாரோ, கொழுந்து குறைகிறதே என்று கணக்குப் பார்த்தாரோ, ஸ்டோரில் குச்சி பொறுக்க ஆள் கேட்டபோது என்னை அனுப்பி வைத்தார். தேயிலை ஆலைக்கு எங்கள் பேச்சில் ஸ்டோர் என்றுதான் பேர்.

அம்மா அன்றைக்குக் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். "இனிமே காம்பராவுக்கு பயமில்ல" என்றாள். நாங்கள் அந்த இரவு வழக்கத்தைவிட நேரத்தோடு தூங்கிப்போனோம்.

ஸ்டோர் வேலை என்றால் லயத்தில் எல்லாருக்கும் பொறாமை. மழை இல்லை, அட்டைக்கடி இல்லை, உட்கார்ந்து செய்கிற வேலை. உலர்த்தி எடுத்த தேயிலைக் குவியலைச் சுற்றித் தரையில் அமர்ந்து, அதில் கலந்திருக்கும் சிவப்புக் குச்சிகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும். உலர்த்துகிற இயந்திரத்தின் சூடு சுவரைத் தாண்டி எங்கள் பக்கம் வரும். காற்றில் தூள் பறந்துகொண்டே இருக்கும். மற்றப் பெண்களின் முகத்தில் படுகிற தூள் ஒரு தட்டுத் தட்டினால் உதிர்ந்துவிடும். என் முகத்தில் அப்பிக்கொண்டது. சூட்டுக்கு எண்ணெய் இன்னும் வடிந்தது, வடிந்த எண்ணெயில் தூள் இன்னும் ஒட்டியது. பருவுக்குள் தூள் போய்விட்டால் எரியும். சொறிந்தால் அதைவிட எரியும்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் ஸ்டோரில் ஒரு சட்டம் இருந்தது. தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த வாடையையும் இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் குச்சி பொறுக்க வருகிறவள் பூ வைக்கக் கூடாது, பவுடர் போடக் கூடாது, தலைக்கு வாசனை எண்ணெய் தேய்க்கக் கூடாது, வெற்றிலை வாயோடு வரக் கூடாது. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா காலையில் வாசலில் நின்று எங்களை ஒவ்வொருத்தியாக மூக்கால் பார்த்துத்தான் உள்ளே விடுவார். ஒல்லியான மனுஷர், எந்நேரமும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. முதல்நாள் யார் வீட்டில் கருவாடு என்று மறுநாள் சொல்லிவிடுவார் என்று பேர் வாங்கிய மூக்கு. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குச்சி பொறுக்குகிற அக்கா ஒருத்தி இருந்தாள், சரியான வாயாடி. "அவரு வீட்டம்மா பாவம்டி, எத ஆக்கிப் போட்டாலும் மோந்து பாத்துட்டுத்தானே திம்பாரு" என்று என் காதுக்குள் சொல்வாள்.

என்னை அவர் கவனித்தது மூக்கால் இல்லை, கண்ணால்.

"ஏய், மொகத்துல என்ன பூசியிருக்க?"

"ஒண்ணும் பூசலீங்க ஐயா."

"பளபளங்குதே. எண்ணெயா, ஸ்னோவா?"

"ஒண்ணுமில்லீங்க. என் மொகமே அப்படித்தாங்க."

நம்பவில்லை. தேயிலையைப் பரப்பிப் பார்ப்பதற்கு வைத்திருக்கும் வெள்ளைக் கடதாசி ஒன்றைக் கொடுத்து முகத்தைத் துடைக்கச் சொன்னார். துடைத்தேன். கடதாசி ஊறிப்போய் மறுபக்கம் தெரிந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், பிறகு மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். பெண்கள் எல்லாரும் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். நம் முகத்திலிருந்து வழித்ததை இன்னொரு மனுஷர் மோந்து பார்க்க, அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எவ்வளவு அசிங்கம் என்று நின்றவளுக்குத்தான் தெரியும். வாடை ஒன்றும் இல்லை என்று அவரே ஒத்துக்கொண்டார். ஆனாலும் விடவில்லை.

"இத்தன எண்ணெயோட குனிஞ்சு ஒக்காந்தா தேயிலையிலதான் சொட்டும். கொழும்புல ருசி பாக்கிறவங்க ஒரு பெட்டியத் திருப்பினாக்கூட பெரிய தொரை என்னத்தான் கேப்பாரு. மொகத்த ஒரு வழி பண்ணிக்கிட்டு வா. இல்லன்னா திரும்ப மலைக்குத்தான் போகணும்."

மலைக்குப் போனால் என் கால் ஒரு வாரம்கூடத் தாங்காது. வேலைக்குப் போகாமல் நின்றால் பேர் போகும், பேர் போனால் காம்பரா போகும். முகத்தில் எண்ணெய் இருக்கவும் கூடாது, அந்த எண்ணெயை எடுக்கப் போடுகிற எதுவும் மணக்கவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் துணி துவைக்கிற பார் சவுக்காரத்தைப் போட்டேன். விடியுமுன்னே, மலைத்தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் நின்று, ஐஸ் மாதிரிக் கொட்டுகிற தண்ணீரில் நுரைக்க நுரைக்கத் தேய்த்தேன். தோல் இழுத்துப் பிடித்துக்கொண்டது. சிரித்தால் கிழிந்துவிடும் போலிருந்தது. சிரிக்க ஒன்றும் இல்லாததால் நல்லது என்று நினைத்தேன். ஆனால் கொஞ்ச நேரத்திலேயே முன்னைவிட இரண்டு பங்கு எண்ணெய் வடிந்தது. எவ்வளவுக்கு எவ்வளவு முகத்தைக் காயப்போட்டேனோ அவ்வளவுக்கு அவ்வளவு அது பிடிவாதமாகச் சுரந்தது. இதைப் புரிந்துகொள்வதற்குள் கன்னத்தில் பாதி உரிந்துவிட்டது. டீமேக்கர் ஐயா என்னைத் தாண்டிப் போகையில் நின்று, "துணி தொவச்சிட்டு நேரா இங்க வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிறகு டாக்டர் ஐயாவிடம் போனேன். மஞ்சளாக ஒரு களிம்பு கொடுத்தார். கந்தகம் கலந்தது. பரு வற்றியது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஊசிப்போன முட்டை வாடை. அடுத்தநாள் ஸ்டோர் வாசலில் எனக்கு முன்னால் இன்னும் பல பெண்கள் நிற்கும்போதே டீமேக்கர் ஐயா கையை நீட்டி வெளியே போ என்று காட்டிவிட்டார். கழுவிவிட்டு வந்து சேர்ந்ததற்கு அரைப் பேர் போட்டார்கள். அரைநாள் கூலி என்று அர்த்தம். அக்கா என்னைப் பார்த்து, "கருவாட்டயே தேச்சுக்கிட்டு வந்திருக்கலாம், அதுவாவது பழகுன வாடை" என்றாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

வீட்டில் அம்மா வேறு. "நல்லெண்ண தேச்சு முழுகிப் பாருடி, சூடு எறங்கினா எல்லாம் அடங்கிரும்." எண்ணெய்க்கு எண்ணெயா என்று அன்றைக்குத்தான் அம்மாவிடம் முதல் தடவை கத்தினேன். அவள் இழுக்கிற மூச்சோடு அடுப்பை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்கு நடந்தேன். அங்கே எங்கள் ஆட்கள் எல்லாரும் சாமான் வாங்குகிற முஸ்லிம் கடை ஒன்று உண்டு. கடைக்கார நானா அரிசி நிறுத்துக்கொண்டிருந்தார்.

"நானா, மணக்காத சவுக்காரம் இருக்குங்களா?"

தராசைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். "வாசத்துக்குத்தானே தங்கச்சி ஆளுக காசு குடுக்கிறாங்க. மணக்காத சவுக்காரம் எதுக்கு?"

சொன்னேன். அவருக்கும் தேயிலையின் குணம் தெரியும்; அவர் கடையிலேயே தேயிலைப் பெட்டி கருவாட்டு மூட்டைக்கு எட்டாத மூலையில்தான் இருந்தது. பாவம் என்று நினைத்திருப்பார், ஒவ்வொன்றாக எடுத்துப் பலகைமேல் வைத்தார். ஸ்னோவின் மூடியைத் திறந்ததுமே கல்யாண வீடு மாதிரி மணந்தது. துளி எடுத்துப் புறங்கையில் தேய்த்துப் பார்த்தேன். முதலில் மாவாகப் படிந்து, கொஞ்ச நேரத்தில் மினுங்கியது. காய்ந்த முகக்காரிகளுக்காகச் செய்த சாமான் அது, எனக்கு எதற்கு. பவுடர் எண்ணெயை உறிஞ்சும், ஆனால் டப்பாவைத் தட்டினாலே தாழம்பூ வாடை. பச்சைச் சவுக்காரத்தில் வேப்பெண்ணெய். சிவப்புச் சவுக்காரத்தில் ஆஸ்பத்திரி. பன்னீர்ப் போத்தலை நான் தொடவே இல்லை, அவரே எடுத்து அப்பால் வைத்துவிட்டார்.

"மூக்க வச்சு ஒரசாதீங்க தங்கச்சி. அப்புறம் அத யாரு வாங்குவா?"

"மோந்து பாக்காம எப்படிங்க நானா வாங்குறது?"

"ஒங்க டீமேக்கர கூட்டிக்கிட்டு வந்திருக்கலாம். ஒரே நாள்ல கடையே காலியாயிருக்கும்" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு உள்ளே போய்ப் பாசிப்பயறு கொஞ்சம் அள்ளிப் பொட்டலம் கட்டினார். "இத வறுக்காம அரைச்சு மாவாக்கி, தண்ணியில கொழச்சுத் தேச்சுக் கழுவுங்க. எங்க வீட்டுல பொம்பளப் புள்ளைகளுக்கு இதுதான். எண்ணெய எடுக்கும். தோல உரிக்காது. வாசமும் கெடையாது."

பயறு மாவு ஒத்துக்கொண்டது. நான் பூசியதிலேயே என் தோல் முறைத்துக்கொள்ளாதது அது ஒன்றுதான். அழுத்தித் தேய்க்கக் கூடாது, மெதுவாகத் தடவி, காயவிடாமல் கழுவிவிட வேண்டும் என்று நானே கண்டுகொண்டேன். முன்பெல்லாம் முகத்தோடு சண்டை பிடிக்கிற மாதிரிக் கழுவுவேன், அதை விட்டேன். காலையில் நன்றாக இருக்கும். மத்தியானத்தில் பழைய குருடியாகி மறுபடி மினுங்கும். அதோடு, கஞ்சிக்கு ஆகிற பயறை முகத்தில் தேய்த்துப் பீலித் தண்ணீரில் ஓடவிடுகிறோமே என்று மனசு குறுகுறுத்தது. அம்மாவோ பயறை எடுத்து அவளே அரைத்து வைத்தாள்.

ஒரு சாயங்காலம் தேத்தண்ணி வடித்துவிட்டு, வடிதுணியில் இருந்த சக்கையைக் கையால் பிழிந்தேன். தோட்டத்தில் ஆட்களுக்குக் கொடுக்கிற மட்டமான தூள். பிழிந்த கையைக் கழுவச் சோம்பலாக இருந்தது, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உள்ளங்கை தானாகக் காய்ந்து, துவர்ப்பான காயைக் கடித்தால் நாக்கு சுருங்குமே, அந்த மாதிரித் தோல் இறுகியது. அப்போதுதான் புத்தி வந்தது. ஆறிய சக்கையை அந்தத் துணியிலேயே முடிந்து, நெற்றியிலும் மூக்கிலும் தாடையிலும் ஒற்றி ஒற்றி எடுத்தேன். எரியவில்லை. உரியவில்லை. மோந்து பார்த்தால் தேயிலை மணந்தது. தேயிலை ஸ்டோருக்குள் ஒருத்தியின் முகம் தேயிலை மணந்தால் எந்த மூக்கு அதைப் பிடிக்கும்?

காலையில் பயறு மாவு போட்டுக் கழுவி, ஆறிய தேயிலைச் சாயத்தால் ஒற்றுவேன். சக்கை முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு போய், மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஸ்டோருக்குப் பின்னால் குழாயடியில் நின்று இன்னொரு தடவை ஒற்றிக்கொள்வேன். தூள் ஒட்டுவது குறைந்தது. புதிதாகப் பரு வருவதும் குறைந்தது. டீமேக்கர் ஐயா ஒருநாள் மறுபடி அந்த வெள்ளைக் கடதாசியைக் கொடுத்தார். துடைத்துக் கொடுத்தேன். லேசாக ஒரு திட்டு, அவ்வளவுதான். மோந்து பார்த்தார். "ம்" என்றார். அந்த ஒரு "ம்"முக்கு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னதும் அவள் என் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பரு இருந்த இடத்தில் கை படாமல் பார்த்துக்கொண்டாள்.

ஆடி மழை தொடங்கியபோது அந்த ஈர முடிச்சு இடுப்பில் இருப்பது தொல்லையாகிப்போனது. சேலை நனைந்து குளிரும், கறையும் படும். அக்கா வேறு, கைக்குழந்தை வைத்திருக்கிறவளிடம் கேட்கிற கேள்வியெல்லாம் கேட்டுக் கேலி செய்வாள். அதனால் மத்தியானம் ஒற்றிக்கொண்டதும், உலர்த்துகிற அறைச் சுவரில் பெயர்ந்திருந்த ஒரு கல்லிடுக்கில் அதைச் செருகிவிட்டு, வேலை விடும்போது எடுத்துக்கொள்வேன். வாசலுக்கு வருமுன்னே குழாயடியில் சக்கையைக் கொட்டிவிட்டுத் துணியை மட்டும் கொண்டுபோவேன். அந்த இடத்தில் நல்ல சூடு இருக்கும். அதில் ஒரு தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றைக்கு வீட்டில் தூள் தீர்ந்திருந்தது. தோட்டத்தில் தூள் கொடுக்க இன்னும் நாள் இருந்தது. சக்கையைக் கொட்டாமல் வைத்தால் நாளைக்கும் ஒரு தடவை ஊறவைத்துக்கொள்ளலாம் என்று முடிச்சை அப்படியே இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன். ஸ்டோர் வாசலில் காவக்காரர் எங்களை நிறுத்தி, சேலையை உதறச் சொல்லி, இடுப்பைத் தட்டிப் பார்த்துத்தான் வெளியே விடுவார். தேயிலை திருடினால் மன்னிப்பே கிடையாது. அந்த நாளே பேரை வெட்டிவிடுவார்கள். என் முடிச்சு அவர் கையில் தட்டுப்பட்டது. பிரித்தார். அந்தச் சூட்டில் சக்கை நன்றாகக் காய்ந்து, சுருண்டு, கறுத்து, அசல் தேயிலையாகவே அவர் உள்ளங்கையில் கிடந்தது.

"ஐயா, இங்க வாங்க. ஒரு ஆளு மாட்டிருச்சு" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

அக்கா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளும் திருட்டு என்றே நினைத்துவிட்டாள். டீமேக்கர் ஐயா வந்து அதைக் கிள்ளி எடுத்துப் பார்த்தார்.

"இது நம்ம தேயிலை இல்லீங்க ஐயா. வீட்டுல வடிச்ச சக்கைங்க. சுடுதண்ணி ஊத்திப் பாருங்க, சாயம் எறங்காதுங்க. ஒங்க காலப் புடிக்கிறேன், ஊத்திப் பாருங்க."

அவர் நியாயமான மனுஷர். என்னையும் காவக்காரரையும் தேயிலை ருசி பார்க்கிற அறைக்குக் கூட்டிப்போனார். வெள்ளைக் கிண்ணத்தில் அதைப் போட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, மூடி வைத்துவிட்டு நின்றார். அந்தக் கிண்ணத்தைப் பார்த்தபடி நான் இருக்கிற சாமியையெல்லாம் கூப்பிட்டேன். மூடியைத் திறந்தார். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, உடனே துப்பினார்.

"திருடல" என்று காவக்காரரிடம் சொன்னார். "இது கழிச்சுப் போட்ட எல."

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தோடு போகச் சொல்லியிருக்கலாம். போகச் சொல்லவில்லை.

"கழிச்ச எலய எதுக்குக் கட்டிக்கிட்டுத் திரியிற?"

"மொகத்துல ஒத்துறதுக்குங்க ஐயா. எண்ணெ எடுக்குதுங்க. நீங்கதானுங்களே ஒரு வழி பண்ணச் சொன்னீங்க."

"அது எப்படி இவ்வளவு காஞ்சு கெடக்கு? எங்க வச்சிருந்த?"

திருட்டுப் பழி நீங்கிய சந்தோஷத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உலர்த்துகிற அறைச் சுவர், கல்லிடுக்கு, இத்தனை நாளாக அங்கேதான் வைக்கிறேன் என்பது, எல்லாம். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. கிண்ணத்தை மேசையில் வைத்தார்.

"திருடியிருந்தாக்கூட ஒரு பிடி தேயிலையோட போயிருக்கும். ஒன் மொகத்து எண்ணெயும் சீழும் ஒத்துன சக்கைய நான் தேயில ஒலத்துற எடத்துல காயப் போட்டிருக்க. அது அவுந்து தேயிலையில விழுந்திருந்தா? விழுகலன்னு எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்குப் பெரட்டுக்குப் போ. இந்தப் பக்கம் வராத."

திருடி இல்லை என்று காட்டத்தான் வாயைத் திறந்தேன். அதே வாயால் வேலையைத் தொலைத்துவிட்டு வந்தேன். அவரைக் குறை சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு அவர் தேயிலை. ஆனால் அந்த வார்த்தை, என் முகத்து எண்ணெயும் சீழும் என்று காவக்காரர் கேட்கச் சொன்ன வார்த்தை, அது மட்டும் ஆறவில்லை.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். காலையில் நான் எழுந்து பார்த்தபோது அவள் கொழுந்து பறிக்கிறவர்கள் சேலைமேல் கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, மூலையில் கிடந்த தன் பழைய கூடையின் கயிற்றை இழுத்து முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ எங்கம்மா கெளம்புற?"

"பேரு ஒன்னோடதா இருக்கட்டும். கொழுந்து ரெண்டு பேரும் எடுப்போம்."

அப்படி ஒரு வழக்கம் தோட்டத்தில் இருந்தது. பேர் இல்லாத உறவுக்காரர்கள் பேர் இருக்கிறவர்களின் கூடைக்குப் பறித்துப் போடுவார்கள். நிறுவையில் கொழுந்து நிறைவாக இருந்தால் கங்காணி கண்டும் காணாமல் விட்டுவிடுவார். நான் பாதையோரத்துச் சமமான நிரைகளில் நின்று பறித்தேன். அங்கே கொழுந்து கொஞ்சம்தான். நல்ல கொழுந்தெல்லாம் மேலே, சரிவில். சரிவில் ஏற என் காலுக்கு ஆகாது. அதனால் இழுப்புக்காரி ஏறினாள். பத்துச் செடி பறிப்பாள், நின்று மூச்சு வாங்குவாள், பிறகு இன்னும் கொஞ்சம் மேலே போவாள். அவள் மூச்சு நான் நிற்கிற இடம் வரைக்கும் கேட்கும். கேட்காதது மாதிரிப் பறித்துக்கொண்டிருப்பேன். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்.

மலைக்கு வந்த பிறகு நான் முகத்துக்கு ஒன்றுமே போடவில்லை. போடத் தெம்பும் இல்லை, யாருக்காகப் போடுவது என்றும் தெரியவில்லை. பச்சைத் தண்ணீரில் கழுவுவேன், அவ்வளவுதான். சூடு இல்லை, தூள் இல்லை, நாள் முழுவதும் குளிர்ந்த காற்றும் சாரலும். பரு ஒவ்வொன்றாக வற்றி உதிர்ந்தது. எண்ணெய் அடங்கியது. தழும்புகூட மங்கியது. லயத்துப் பெண்கள் என்னிடம் வந்து என்ன பூசுகிறாய், எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டார்கள். நான் மறைக்கிறேன் என்று சிலர் கோபித்துக்கொண்டார்கள்.

பனி விழுகிற ஒரு காலையில் அம்மா சரிவிலிருந்து இறங்கி வந்து, என் கூடைக்குள் கொழுந்தைக் கொட்டிவிட்டு நின்றாள். என் முகத்தையே பார்த்தாள்.

"இப்பத்தான்டி மொகம் பாக்குற மாதிரி இருக்கு" என்றாள்.

அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. "என் மொகத்த விடும்மா, நீ ஒக்காரு" என்றேன். கூடை நிறையவில்லை என்று மறுபடி மேலே ஏறினாள்.

அடுத்த ஆடி மழைக்கு அம்மா இல்லை. காம்பராவை யாரும் வந்து கேட்கவில்லை. பேர் பதிந்த ஆள் நான் இருந்தேன், கேட்கவும் முடியாது. அவளுக்குக் காரியமெல்லாம் முடித்து ஆட்கள் கலைந்த பிறகு கதவைத் திறந்து உள்ளே போனேன். இத்தனை பாடும் பட்டுக் காப்பாற்றிய அந்தக் காம்பராவில் நான் ஒருத்திதான் இருந்தேன்.